பிடிக்கு அடியில் இருந்த எண்

என் தங்கை ஏழாம் மாதத்திலேயே பிறந்து பிழைத்தாள். ஒரு கால் சூம்பியிருந்தும், நின்றபடியே செய்யும் வேலையில் முப்பத்திரண்டு வருடம் தாக்குப் பிடித்தாள். நாற்பத்தொரு ஆண் மெக்கானிக்குகள் இருந்த ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் நாற்பத்திரண்டாவது ஆளாகச் சேர்ந்து, அத்தனை பேருக்கும் தலைவியானாள். வெளியூரிலிருந்து வந்த பொறியாளர் பழைய இரும்புக்குப் போடச் சொன்ன பதினேழு தையல் இயந்திரங்களை ஓடவைத்தாள். அங்கே அவளுக்குப் பெயர் ஸ்பேனரக்கா. அவளைப் பற்றி எழுதினால் நான் செய்த ஒன்றையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

அப்பா ராணுவத்தில் இருந்தவர். அவர் இறந்த பிறகு அலமாரியிலிருந்த கைத்துப்பாக்கி எங்கள் இருவருக்கும் வந்தது. போரில் எதிரி அதிகாரியிடமிருந்து பறித்தது என்பார். அந்தக் கதையை நான் கல்யாண வீடுகளில் வாய் கிழியச் சொல்லியிருக்கிறேன். அவருடைய படைப்பிரிவின் காட்சிக்கூடம் அதை வாங்கிக்கொண்டு, கீழே அப்பா பெயரைப் பொறிப்பதாகக் கடிதம் போட்டது. அந்தக் கடிதத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டேன்.

கொடுக்கும் முன் சுத்தம் செய்ய அதைத் தங்கை பிரித்தாள். நான் விளக்கைப் பிடித்தேன்.

"அண்ணே, மேல நம்பரை அரம் போட்டு அழிச்சிருக்காங்க, பாத்தியா?"

"எதிரி அழிச்சிருப்பான்."

"எதிரிக்கு வேற வேலை இல்லையா? எங்க பேக்டரிக்கு வர்ற திருட்டு மெஷின்ல இதே மாதிரிதான் இருக்கும். மேல அழிச்சுடுவாங்க, உள்ள விட்டுடுவாங்க."

பிடியின் இரண்டு மரத் தகடுகளையும் கழற்றினாள். அடியில் ஐந்து இலக்க எண் பளிச்சென்று இருந்தது. பக்கத்தில் எங்கள் படையின் முத்திரை.

எண்ணைக் காட்சிக்கூடத்து எழுத்தரிடம் கொடுத்தோம். அவர் பழைய பதிவேட்டைப் புரட்டி, விரல் வைத்துப் படித்தார். அது எங்கள் படையின் கிடங்கிலிருந்து காணாமல் போன துப்பாக்கி. அன்று கிடங்குக் காவலில் இருந்தவரைத் திருடன் என்று முடிவு கட்டி, வேலையை விட்டு நீக்கியிருந்தார்கள். பெயரைக் கேட்டதும் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. பேருந்து நிலையத்தில் குடை ரிப்பேர் செய்து காலம் தள்ளிய குடை மாமா. அப்பாவின் சிநேகிதர். "திருட்டு மாமா, குடையைத் திருடாதே" என்று நாங்கள் சிறு வயதில் கத்திக்கொண்டு ஓடுவோம். அப்பா எங்களை அதட்டியதே இல்லை, வீட்டுக்குள் போய்விடுவார்.

தேதியைப் பார்த்தேன். என் தங்கை பிறந்ததற்கு மறுநாள். அவளைப் பார்க்க அப்பா கிடங்கு வேலையிலிருந்து விடுப்பில் வந்த நாள் அது. எனக்கு அப்போது ஐந்து வயது. படுக்கையின் அடியில் அவர் பெட்டியைத் தள்ளியது நினைவிருக்கிறது.

எழுத்தர் பதிவேட்டை மூடினார். "இது உங்க வீட்டுக்கு எப்படி வந்துச்சுன்னு வாரிசுங்க எழுதிக் குடுத்தா, அவர் கேஸைத் திருப்பி எடுப்பாங்க. இல்லேன்னா கண்டெடுத்ததுன்னு எழுதுங்க, முடிச்சிடலாம்."

தங்கை, "உள்ளதை எழுதுண்ணே" என்றாள்.

"அப்பாவும் மாமாவும் போயாச்சும்மா. இனி யாருக்கு என்ன?" என்றேன்.

"மாமா சம்சாரம், அத்தை இருக்காங்கல்ல? இன்னும் தெருவுல தலை குனிஞ்சுதானே போறாங்க?"

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். அம்மா படுத்த படுக்கையானபோது தங்கையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் நிறுத்தினார்கள். அவளுக்கு எண்கள் அத்துப்படி; எழுத்து தெரியாது. சம்பளத்துக்கும் கைரேகைதான். அது தெரிந்துதான் நான் தாளை எடுத்தேன். 'பழைய சாமான்களில் கண்டெடுக்கப்பட்டது' என்று என் அழகான கையெழுத்தில் எழுதிவிட்டு, அப்பா எடுத்து வந்தார், மாமா மீது குற்றமில்லை என்று எழுதியிருப்பதாக அவளுக்கு நீளமாக, உரக்கப் படித்துக் காட்டினேன். மை டப்பாவையும் நகர்த்தி வைத்தேன்.

அவள் தாளைப் பார்த்தாள்.

"இவ்வளவு சொன்னே. ரெண்டே வரிதான் இருக்கு?"

தாளை எழுத்தர் பக்கம் திருப்பினாள். "சார், நீங்க ஒரு தடவை படிங்க."

அவர் படித்தார். அந்த மேசையில் எத்தனை கீறல் என்று இன்றும் என்னால் சொல்ல முடியும். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் அவற்றையே எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. "நான் சொல்லச் சொல்ல நீங்க எழுதுங்க சார்" என்றாள். பதினெட்டு வரி வந்தது. அவர் மை டப்பாவைத் தொட்டதும் தடுத்தாள். "வேணாம். பெத்த அப்பாவைப் பத்திச் சொல்றேன். என் பேரைப் போட்டுத்தான் சொல்லணும். பெருசா எழுதிக் குடுங்க, கத்துக்கிட்டு வர்றேன்."

கற்றுத்தரச் சொல்லி என்னிடம் கேட்கவில்லை. ஒன்பது நாள், துணியில் கோடு போடும் சாக்பீஸால் வெட்டு மேசை மீது எழுதிப் பழகினாளாம். மெக்கானிக்குகள், "ஸ்பேனரக்கா கலெக்டராகப் போறாங்க" என்று கேலி செய்தார்களாம். "கலெக்டரானா உன் லீவைத்தான் முதல்ல வெட்டுவேன்டா" என்றாளாம்.

பத்தாம் நாள் அவளோடு போனேன். கூப்பிடவில்லை, போனேன். பேனாவை ஸ்க்ரூ டிரைவர் போல இறுக்கிப் பிடித்து எழுதினாள். கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. சாட்சி என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். சட்டத்திலிருந்த கடிதத்தையும் திருப்பிக் கொடுத்தேன். பதினோரு மாதம் கழித்து, மாமா குற்றமற்றவர் என்று அத்தைக்கு உத்தரவு வந்தது.

தங்கை தன் பெயரை முதன்முதலாக எழுதிக் கையெழுத்திட்டது 2014 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை.