நடுவுல திறந்ததா, மூடினதா?

துப்பாக்கிக்கு மேல மாட்டுற ஸ்கோப் விக்கிறது இருக்கே, அது கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை எடுத்துக் குடுக்கிற மாதிரி வேலை. கடையில பிடிச்சது வீட்டுக்குப் போனதும் பிடிக்காது. கவுண்டருக்குப் பின்னால நின்னு வயித்தெரிச்சல் படுற அத்தனை பேருக்கும் இது புரியும்.

நான் துபாய்ல வேட்டைச் சாமான் விக்கிற கடையில சேல்ஸ்மேன். பக்கத்து ஊர் ரோலாவுல ரூம், தினமும் பஸ்ல வந்து போறேன். ஸ்கோப்புக்குள்ள கண்ணை வச்சா குறி பார்க்கக் குறுக்கும் நெடுக்குமா ரெண்டு கோடு தெரியும். சிலதுல ரெண்டும் நடுவுல வெட்டிக்கும், அது மூடினது. சிலதுல நடுவுல கொஞ்சம் இடம் விட்டிருக்கும், அது திறந்தது. இவ்வளவுதான் சமாச்சாரம். இதுக்குத்தான் என் உசுரை வாங்குறாங்க.

நடுவைக் காணோம்

திறந்தது வாங்கிட்டுப் போன உள்ளூர் அரபி இளைஞர் ஒருத்தர் மறுநாளே டப்பாவோட வந்து நின்னாரு. கோடு நடுவுல அறுந்து போச்சாம். "அறுந்தது இல்ல சார், அப்படித்தான் வரும். தூரத்துல இருக்கிற சின்னக் குறியைக் கோடு மறைக்கக் கூடாதுன்னு இடம் விட்டிருக்காங்க"ன்னு தொண்டை வறள விளக்கினேன். ஸ்கோப் மாட்டிக் குடுக்கிற ரஃபீக் பாய் பெஷாவர்க்காரர், எனக்கு முன்னாடியே இங்க வந்தவர். அவரும் அரபியில அதையே சொன்னாரு.

இளைஞர் ரொம்பப் பொறுமையாக் கேட்டாரு. கேட்டுட்டு டப்பாவை என் பக்கமாத் தள்ளினாரு. "சரி, மிச்சக் கோட்டையும் போட்டு முடிச்சிட்டுக் கூப்பிடு, வந்து வாங்கிக்கிறேன்."

நம்மாளு

அடுத்தவர் சென்னை எஞ்சினியர். லீவு நாள்ல கிளப்புக்குப் போய்ப் பேப்பர்ல வட்டம் பார்த்துச் சுடுறவர். நம்மாளுதானே, கழுத்தை அறுக்க மாட்டாருன்னு நம்பினேன். நான் திறந்ததைக் காட்டுனா, நெட்ல எல்லாம் படிச்சிட்டேன்னு சொல்லி மூடினதை வாங்கிட்டுப் போனாரு. அடுத்த வாரம் திரும்பி வந்து, கோடு வட்டத்தையே மறைக்குதுன்னாரு. நான் முதல்லயே சொன்னதுதான். சிரிச்ச முகத்தோட திறந்ததை மாத்திக் குடுத்தேன்.

அதுக்கும் அடுத்த வாரம் வந்தாரு. சாயங்காலம் வெளிச்சம் குறைஞ்சதும் நடு எங்க இருக்குன்னே பிடிபடலையாம். வெளியில கார்ல சம்சாரம் ஹாரன் அடிக்கிறாங்க, இவரு நகர்ற வழியைக் காணோம். "திறந்தும் இருக்கணும், மூடியும் இருக்கணும் தம்பி, உள்ள போய் நல்லாத் தேடிப் பாருங்க, இருக்கும்."

லீவுக்கு வந்த வினை

என் பொண்ணுக்குக் காதுகுத்து. குலதெய்வம் கோயில்ல மொட்டை, கிடா வெட்டு எல்லாம் பேசி, என்னாலயே ரெண்டு தடவை தள்ளிப் போச்சு. இந்தத் தை மாசம் நீங்க வந்தே தீரணும்னு சம்சாரம் கறாராச் சொல்லிட்டா. இங்கே தை மாசம்தான் குளிர், ஊரே கூடாரத்தைத் தூக்கிட்டுப் பாலைவனத்துக்குக் கிளம்புற நேரம். மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர், திட்டுறதைக்கூட மரியாதையாத் திட்டுவாரு. லீவு கேட்டேன். திரும்பி வந்த ஸ்கோப்பெல்லாம் அவர் மேஜையில இருந்துச்சு. "இனி ஒரு பீஸ் திரும்பி வரலைன்னா தையில தாராளமாப் போயிட்டு வாங்க, வந்துச்சுன்னா லீவு கலாஸுங்க."

மஜ்லிஸ்ல பரீட்சை

அன்னைக்குப் பார்த்து அபூ சைஃப் போன் பண்றாரு. ராஸ் அல் கைமா பக்கத்துப் பெரியவர், தங்கமான மனுஷன். மூடினதை வாங்கினாரு, திறந்ததா மாத்தினாரு, மறுபடி மூடினதா மாத்தினாரு. இப்ப அதையும் மாத்தணுமாம். ஏன்னு கேட்டேன். அவங்க வீட்டு மஜ்லிஸ்ல, அதாவது ஆம்பளைங்க கூடி உட்கார்ற கூடத்துல, என்ன வாங்கினாலும் கை மாறிக் கை மாறி எல்லாரும் பார்த்துத்தான் முடிவாம். எல்லாருக்கும் மேல ஒரு சித்தப்பா. அவர் வேணாம்னா வேணாம்.

என் லீவு அந்தச் சித்தப்பா கண்ணுல மாட்டிக்கிட்டிருக்கு. ஓய்வு நாள்ல நானே கிளம்பிப் போயிட்டேன். காவான்னு அவங்க ஊர்க் காபி குடுத்தாங்க, பேரீச்சம்பழம் குடுத்தாங்க. அப்புறம் ஒவ்வொருத்தரா தூரத்து மலையைப் பார்த்துட்டு, கோடு கலங்கலா இருக்குன்னு உதட்டைப் பிதுக்கினாங்க. அப்பதான் எனக்கு உறைச்சுது. கண்ணு வைக்கிற பக்கம் ஒரு வளையம் உண்டு, அவங்கவங்க பார்வைக்குத் தகுந்த மாதிரி அதைத் திருப்பணும். அது அபூ சைஃப் கண்ணுக்கு வச்சது. ஒருத்தர் மூக்குக்கண்ணாடியை ஊரே மாட்டிப் பார்த்தா எப்படி இருக்கும்?

சித்தப்பா கண்ணுக்கு வளையத்தைத் திருப்பி வச்சுக் குடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தாரு. பார்த்துட்டு, இதைவிட நல்ல பீஸ் கிடையாதுன்னாரு. எனக்கு ஊர்ல மேளச் சத்தமே கேட்டுச்சு. ஆனா மூத்தவர் ஒரு பொருளை அப்படிப் புகழ்ந்துட்டா, வச்சிருக்கிறவர் அதை அவருக்கே குடுத்துடணும். அவங்க வழக்கம் அது. அபூ சைஃப் குடுத்தாரு. சித்தப்பா ரெண்டு தடவை வேணாம்னு சொல்லிட்டு வாங்கித் தலையணைக்குப் பக்கத்துல வச்சுக்கிட்டாரு. வாசல் வரைக்கும் என்னோட வந்த அபூ சைஃப் சதீக்னு, அதாவது சிநேகிதான்னு கூப்பிட்டு, மெதுவாக் கேட்டாரு: "இப்ப எனக்கு ஒண்ணு வேணுமே, திறந்தது எடுக்கவா, மூடினது எடுக்கவா?"

சொன்ன வாக்கு

அதுக்கப்புறம் யார் வாங்கினாலும் அவங்க கண்ணுக்கு வளையத்தைத் திருப்பி, மஜ்லிஸ்ல யார் எப்படித் திருப்பணும்னு பழக்கிவிட்டுத்தான் அனுப்புவேன். ஒரு பீஸ் திரும்பி வரலை. அந்த மஜ்லிஸ் ஆளுங்க ஒவ்வொருத்தரா வந்து, அந்த மதராசி எங்கன்னு என்னைக் கேட்டே வாங்கினாங்க. நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு லீவுக்குப் போய் நின்னேன். மேனேஜர் எழுந்து கையே குடுத்தாரு. "எல்லாரும் உங்களைத்தான் கேக்கறாங்க, இந்த சீசன்ல உங்களை அனுப்பிட்டு நான் யாரைங்க நிறுத்தறது?"

காதுகுத்து அன்னைக்கு ரஃபீக் பாய் கவுண்டரைப் பார்த்துக்கிட்டாரு. நான் ஸ்டோர் ரூம்ல அட்டைப்பெட்டிக்கு நடுவுல வீடியோ கால்ல நின்னேன். என் மச்சான் மடியில பொண்ணு உட்கார்ந்திருந்தா. ஊசி பட்டதும் அலறினா. எனக்கும் தாங்கலை, அழுதுட்டேன். சம்சாரம் போனை வாங்கி என்னை ஒரு பார்வை பார்த்தா. "நீங்க ஊருக்கெல்லாம் கண்ணு தெரிய வைங்க, இங்க எங்களை நாங்க பார்த்துக்கிறோம்."

வேலை தெரியாதவனுக்கு லீவு கிடைக்கிறது கஷ்டம், தெரிஞ்சவனுக்கு அந்தப் பேச்சே கிடையாது.