அவள் கை வைத்தால் மட்டும் வரும் கோளாறு

நான் ஆடினால் அந்த வீடியோ கேம் பெட்டி ஒழுங்காக ஓடியது. என் தங்கை கை வைத்தால் மட்டும் திரையில் ஓடும் குட்டி மனிதன் யாரும் அழுத்தாமலே குதித்தான். குதித்து நேராகக் குழியில் போய் விழுந்தான்.

"பாத்தியாண்ணா? நான் தொடவே இல்ல," என்றாள் முதல் தடவை. மூன்றாம் தடவை, "தொட்டுட்டேன் போல," என்றாள். பத்தாவது தடவை, வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது புதன்கிழமை சாயங்காலம். திங்கட்கிழமை காலையில் அந்தக் கை ஒரு தேர்வுக்குப் போக வேண்டியிருந்தது.

ஆம்பூரில் நாங்கள் இருவரும் ஒரே ஷூ கம்பெனி. நான் டெஸ்பாட்சில், ஏற்றுமதிப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டி அனுப்புகிற ஆள். அவள் ஸ்டிச்சிங் ஹாலில், பதினெட்டு வருஷமாக ஒரே மெஷின். ஷூவின் மேல்பாகத்துக்கு இரட்டைத் தையல் போடுவாள். மூக்குப் பக்கம் வளைவில் தோலைத் திருப்பும்போது வலது கைக் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும்தான் எல்லாம். அந்த மணிக்கட்டுக்குள் நரம்பு நெருக்கி, விரல்கள் மரத்து, வேலூரில் ஆபரேஷன் ஆகி, தையல் பிரித்து ஆறு வாரம் ஆகியிருந்தது. சூப்பர்வைசர் போனில் சொல்லிவிட்டார்: திங்கட்கிழமை ஒரு பீஸ் தைத்துக் காட்ட வேண்டும். லைன் நேராக வந்தால் மெஷின். இல்லையென்றால், மற்றவர்கள் தைத்ததில் மிச்ச நூல் வெட்டும் டேபிள்.

நூல் வெட்டும் டேபிளில் உட்காருவது கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் அங்கே போன யாரும் திரும்ப மெஷினுக்கு வந்து நான் பார்த்ததில்லை. அவளும் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் பயிற்சிக்கு ஒரு ரப்பர் பந்து கொடுத்திருந்தார்கள். நாலு நாள் அழுத்தினாள். "இது திருப்பி ஒண்ணும் சொல்ல மாட்டேங்குதுண்ணா," என்று ஐந்தாம் நாள் தூக்கிப் போட்டாள். விரலுக்கு வேலை தருகிற எந்த விளையாட்டும் நல்லதுதான், மணிக்கட்டைத் தொங்க விடாமல் ஆடினால் போதும் என்று பயிற்சி கொடுக்கிற அம்மா சொன்னார். அப்போதுதான் எனக்கு இந்த யோசனை வந்தது. சின்ன வயதில், மணிக்கு இவ்வளவு என்று டி.வி. கேம் வாடகைக்கு விடுகிற கடையில் தெருவையே தோற்கடித்தவள் இவள். நானும் அந்தத் தெருவில் சேர்த்திதான்.

டெஸ்பாட்ச் மூலையில் ஒரு சாம்பிள் பெட்டி கிடந்தது. வெளிநாட்டு ஆட்களிடம் ஷூ காட்ட எடுத்துப்போகும் தோல் பெட்டி, பூட்டு உடைந்தது. கேட்டு வாங்கி வந்தேன். மூடியில் பழைய லேப்டாப்பின் திரை. அடியில் கையகலக் கம்ப்யூட்டர் போர்டு, அதில் அந்தக் கால ஆட்டங்கள். மேலே மெல்லிய பிளைவுட் பலகை, அதில் வட்டம் வெட்டி ஆறு பட்டன். ஓட ஆள்காட்டி விரல், குதிக்கக் கட்டை விரல் என்று அவள் கைக்கே இடம் பார்த்து வைத்தேன். பெட்டியின் அடியில் ஒரு இரும்புப் பட்டை ஓடியது. பட்டன்களுக்கு அடியில் நீட்டியிருக்கும் உலோகக் கால்கள் அதில் பட்டுவிடக் கூடாது என்று, ஷூவுக்குள் பாதத்தின் கீழே போடுகிற கறுப்பு இன்சோல் ஷீட் ஒன்றை வெட்டிப் பரப்பினேன். ஷூ கம்பெனிக்காரன் வேறு எதைப் பரப்புவான்?

நன்றாகத்தான் ஓடியது, நான் ஆடியவரைக்கும்.

புதன்கிழமை சார்ஜரைச் சந்தேகப்பட்டேன். கரண்ட் கம்மியாக வந்தால் போர்டு கிறுக்குத்தனம் செய்யும் என்று படித்திருந்தேன். வேறு சார்ஜர் போட்டேன். நாற்பது தடவை ஆடினேன், ஒரு தப்பு இல்லை. அவளைக் கூப்பிட்டேன். உட்கார்ந்தாள், கை வைத்தாள், குட்டி மனிதன் குதித்தான்.

வியாழக்கிழமை குதிக்கிற பட்டனையே கழற்றி எறிந்துவிட்டு வேறு மாட்டினேன். எனக்கு ஒழுங்கு. அவளுக்குக் குதித்தான்.

வெள்ளிக்கிழமை ஒவ்வொரு ஒயரையும் பிடுங்கி, ஈயம் வைத்துத் திரும்பப் பற்றவைத்தேன். விரல் நுனி வெந்தது. பெட்டிக்குள் ஏதோ ஒன்று, அவள் கைச்சூடு படும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு எனக்கு நல்ல பிள்ளை வேஷம் போட்டது. அதைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று பல்லைக் கடித்தேன். குட்டி மனிதன் மறுபடியும் குதித்தான்.

"விடுண்ணா," என்றாள். "பெட்டி நல்லாத்தான் இருக்குது. கைதான் நடுங்குது. எனக்கே தெரியாம நடுங்குது."

"உன் கை நடுங்கல. நான் பாத்துக்கினுதானே இருக்கேன்."

"அப்ப ஏன் உனுக்கு வரல?"

நான் மறுபடி பெட்டிக்குள் குனிந்தேன். அன்றைக்கு டம்ளரை இடது கையால் எடுத்தாள். சனிக்கிழமை சாயங்காலம், நூல் வெட்டும் டேபிளில் இருக்கிற தோழிக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்: "உங்க டேபிளாண்ட ஃபேன் காத்து வருதாக்கா? சேர்ல சாய்மானம் இருக்கா?"

நான் அந்த நேரம் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு, எங்காவது இரண்டு கம்பி ஒன்றை ஒன்று தொடுகிறதா என்று ஒவ்வொரு பட்டனாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொட்டால் பீப் என்று கத்தும். எங்கேயும் கத்தவில்லை. சாய்மானம் இருக்கிறதா என்று அவள் கேட்டதுதான் காதில் நின்றது. மீட்டரைக் கீழே வைத்தேன். அவள் கை உண்மையிலேயே சரியாகாமல் இருக்கலாம். இருந்தால் இருக்கட்டும். ஆனால் என் பெட்டியின் பேச்சைக் கேட்டு அவள் அந்த முடிவுக்கு வரக் கூடாது. இன்னும் ஒரு நாள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் சர்ச்சுக்குப் போனாள். நான் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன். இந்த முறை எதையும் கழற்றவில்லை. அவள் எப்படி உட்காருவாள் என்று மட்டும் யோசித்தேன். நாற்காலியை இழுப்பாள். முந்தானையைச் செருகுவாள். இடது கையைக் கன்னத்துக்குக் கொடுப்பாள். வலது மணிக்கட்டைப் பலகையின் மேல் வைப்பாள். தொங்க விடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்களே, முழு பாரத்தையும் இறக்கி வைப்பாள்.

நான் மணிக்கட்டைக் காற்றில் வைத்துத்தான் ஆடுகிறேன்.

வைத்தேன். அவளைப்போலவே பாரம் முழுவதும் இறக்கி வைத்தேன். குட்டி மனிதன் குதித்தான். விரல் எதையும் தொடவில்லை. கையை எடுத்தேன், ஒழுங்காக ஓடினான். வைத்தேன், குதித்தான். "மாட்னடா!" என்று நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு மாடியிலிருந்து, "இன்னா சார், பாம்பா?" என்று ஒரு குரல் வந்தது.

பலகையைக் கழற்றினேன். குதிக்கிற பட்டனுக்கு நேர் கீழே, கறுப்பு ஷீட்டில் இரண்டு சின்னக் குழி பதிந்திருந்தது. பாரம் வைத்தால் பலகை வளைகிறது. பட்டனின் இரண்டு கால்களும் ஷீட்டில் அழுந்துகின்றன. அழுந்தினால் என்ன? இன்சோல்தானே? மீட்டரின் இரண்டு முனைகளையும் ஷீட்டில் வைத்தேன். பீப் இல்லை. மீட்டரின் குமிழைத் திருப்பி, கரண்டை எவ்வளவு தடுக்கிறது என்று எண்ணில் காட்டும் இடத்தில் வைத்தேன். எதுவும் காட்டக் கூடாத இடத்தில் எண்கள் ஓடின. அழுத்தினால் குறைந்தன, விட்டால் ஏறின. இரண்டு கால்களுக்கும் நடுவே கரண்ட் கசிந்தால், பட்டனை யாரோ அழுத்திவிட்டார்கள் என்றுதான் போர்டு நினைக்கும்.

எனக்கு அந்த ஷீட்டை எடுத்துக் கொடுத்தவர் கம்பெனி ஸ்டோரில் இருக்கிற என் பாய் நண்பர். போன் போட்டேன்.

"தோஸ்த், ஒரு கறுப்பு இன்சோல் ஷீட் குடுத்தியே, அது எதோட ஷீட்டு?"

"அதுவா? சேஃப்டி ஷூவோடது. எலக்ட்ரானிக் கம்பெனி ஆர்டர் மிச்சம். ஏன்?"

"அதுல கரண்ட் போவுமா?"

அந்தப் பக்கம் வெடிச்சிரிப்பு.

"போவுமாவா? போறதுக்குன்னே செய்றதுப்பா அது. அங்க வேல செய்றவன் உடம்புல சேர்ற கரண்ட் கால் வழியா தரைக்கு எறங்கணும்ல? உள்ள கரித்தூள் கலந்துருக்கும். லேசாப் போவும். நீதானே அந்தப் பொட்டிக்கெல்லாம் லேபிள் ஒட்டி அனுப்பின? அதுல இன்னா போட்டிருக்குதுன்னு படிக்கறதே இல்லியா?"

"ஒட்டறதோட சரி. தங்கச்சிக்குச் செஞ்ச கேம் பொட்டியில நாலு நாளா இதத்தான் தேடிக்கினு இருந்தேன்."

"நல்லா ஒட்டின போ. இதுக்கா நாலு நாளா பேஜார் பண்ணிக்கினு இருந்த?"

கரண்ட் எங்கேயும் போகக் கூடாது என்று நான் பார்த்துப் பார்த்துப் பரப்பியது அது. உரித்து எறிந்தேன். ஷூ வருகிற அட்டைப் பெட்டி ஒன்றின் மூடியை அளவுக்கு வெட்டிப் போட்டேன். பலகைக்கு நடுவில் முட்டுக்கொடுக்க ஒரு மரத்துண்டு வைத்தேன். மணிக்கட்டை வைத்து, பிறகு முழங்கையையே வைத்து அழுத்தினேன். குட்டி மனிதன் தரையோடு தரையாக ஓடினான்.

சர்ச்சிலிருந்து வந்தவளைப் புடவை மாற்றக்கூட விடவில்லை.

"உக்காரு. ஒரே ஒரு தடவ."

"எத்தினி ஒரே தடவைண்ணா?"

நடந்ததைச் சொன்னேன். அந்தக் கறுப்பு ஷீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள். நகத்தால் ஒரு கீறு கீறினாள்.

"இதையா உள்ள போட்ட? லூசாண்ணா நீ? எங்க ஹால்ல யார கேட்டாலும் சொல்லுவாங்களே இது இன்னா ஷீட்டுன்னு!"

"நீ எங்க உள்ள பாத்த?"

"நீ எங்க காட்டின? அப்போ நாலு நாளா என் கைய நானே திட்டினு இருந்தேனா?"

"ஆமா."

ஷீட்டை என் மேல் விட்டெறிந்துவிட்டு உட்கார்ந்தாள். மணிக்கட்டை வைத்தாள். அவன் ஓடினான், அவள் சொல்லாமல் குதிக்கவில்லை. முதல் குழியைத் தாண்டினான். இரண்டாவதையும் தாண்டினான். மூன்றாவதில் விழுந்தான். மறுபடி ஆடினாள். மூன்றாவதில் விழுந்தான். மறுபடி, அதே இடம்.

என் கை தானாக ஸ்குரூ டிரைவருக்குப் போயிற்று.

"அத வை," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஒரு ஒயர் லூசா இருக்கும் போல."

"லூசு இல்ல. இது நான்." இன்னொரு தடவை ஆடினாள். அவன் விழுவதைக் கவனமாகப் பார்த்தாள். "ஆள்காட்டி விரல் சொன்னா வருது. கட்டை விரல்தான் லேட்டு. ரொம்ப இல்ல. இத்தினிகூண்டு." மெஷினில் ஊசி தட்டினால் மெக்கானிக்கைக் கூப்பிட்டு இடம் காட்டுவாளே, அதே குரல். வருத்தம் அதில் இல்லை. எனக்குத்தான், வேறு ஒயர் இருக்கிறது, வேறு பட்டன் இருக்கிறது என்று சொல்ல நாக்கு துடித்தது. ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தேன். பெட்டியில் இனி ஒன்றும் இல்லை என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

சாப்பிட்டுவிட்டு வந்து திரும்ப உட்கார்ந்தாள். வெயில் ஜன்னலிலிருந்து தரைக்கு இறங்கி, தரையில் நகர்ந்து, சுவர் ஏறும்வரை ஆடினாள். குழி வருவதற்குக் கொஞ்சம் முன்பே கட்டை விரலுக்குச் சொல்லிவிடப் பழகினாள். ரொம்ப முன்பே சொல்லி இரண்டு தடவை விழுந்தாள். நடுநடுவே கையை உதறி, விரல்களை விரித்து மடக்கி, மறுபடி வைத்தாள். நாலு மணிக்கு ஏழாவது குழி தாண்டினாள். விரல் ஒன்றும் வேகமாகிவிடவில்லை. எவ்வளவு தாமதம் என்பது அவளுக்குப் பிடிபட்டுவிட்டது, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை மதியம் கேண்டீனில் அவளுக்காக உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. வந்தாள். டிபன் பாக்ஸைத் திறந்தாள். வலது கையால் திறந்தாள்.

"இன்னா ஆச்சு?"

"மொதல் பீஸ் போச்சு. வளைவுல ஒரு தையல் வெளிய போய்டுச்சு."

கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன்.

"சூப்பர்வைசர் நூல் வெட்டற டேபிளப் பாத்துக் கைய நீட்டிட்டாரு. நான் எழுந்திரிக்கல. இன்னொரு பீஸ் குடுங்க சார்னேன். எதுக்கும்மான்னாரு. எந்த விரல் லேட்டா வருதுன்னு எனக்குத் தெரியும் சார், வளைவுக்கு முன்னாடியே திருப்பிக்கறேன், குடுங்கன்னேன்."

"குடுத்தாரா?"

"பின்ன? பக்கத்துல நின்னு, குனிஞ்சு பாத்துக்கினே இருந்தாரு. மெதுவாத்தான் போட்டேன். அளவு பாத்தாரு. வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தாரு. ரெண்டு வாரம் நேர்த் தையல் மெஷின்ல உக்காரு, அப்புறம் வளைவுக்கு வான்னாரு." ஒரு கவளம் எடுத்தாள். "நான் ஒரு வாரம்னு சொல்லிட்டு வந்துருக்கேன்."

"அவரு ஒத்துக்கிட்டாரா?"

"ஒத்துக்குவாரு. நீ சாப்புடு, ஆறிப் போவுது."

பெல் அடிக்க இன்னும் நேரம் இருந்தது. அவள் அதற்குக் காத்திருக்கவில்லை. கை கழுவி, ஈரத்தை ஓவர்கோட்டில் துடைத்தபடி, கட்டை விரலை மடக்கி நீட்டிக்கொண்டே ஸ்டிச்சிங் ஹாலுக்குள் போய்விட்டாள்.