எட்டாம் மாடி மணிக்கயிறு

பெர்சிஸ் எல்க் மானை நேரில் பார்த்ததில்லை. கடமான் போலிருக்கும், ஆனால் அதைவிடப் பெரிது, எடையில் ஒரு குதிரை என்று தம்பி டேனி சொல்லியிருந்தான். அதன் குரலைப் பதிவுசெய்து அவன் அனுப்பியபோது அவள் எழுந்து பால்கனிக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தாள். கட்டடத்து இரும்பு மடிப்புக் கதவை யாரோ இழுக்கிறார்கள் என்று நினைத்தாள். துருப்பிடித்த சக்கரம் ஒன்று அந்தக் கதவில் உண்டு. தாழ்வாகத் தொடங்கி, உயர்ந்து, உச்சியில் கிறீச்சென்று முடியும். தெருவில் யாருமில்லை. கையில் தொலைபேசி மறுபடி கத்தியது.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. யாங்கோனின் பபேடான் பகுதியில் ஒரு கண்ணாடிக் கடையில் இருபத்திரண்டு வருடமாக வேலை. வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, சட்டத்தில் வில்லைகளை மாற்றிப் போட்டு, "இது தெளிவா, இது தெளிவா?" என்று கேட்பாள். மக்கள் பெரும்பாலும் இரண்டாவதைச் சொல்வார்கள். அவள் முதலாவதை மறுபடி போட்டுக் காட்டுவாள்.

பள்ளி நாட்களில் வில்வித்தை அணியில் இருந்தவள். நடுவில் இருபது வருடம் வில்லைத் தொடவில்லை. பிறகு பழைய சங்கம் ஒன்று கலைந்தபோது நாற்பத்தைந்து ராத்தல் இழுக்கும் மர வில் ஒன்று அவளிடம் வந்து சேர்ந்தது. கேட்டவர்களிடம் தோள்வலிக்கு நல்லது என்றாள்.

டேனி கொலராடோவில் மலையூர் ஒன்றில் சமையல்காரன். அங்கே செப்டம்பரில் வில்லுக்கென்று தனிப் பருவம். அவள் பெயரில் வேட்டைச் சீட்டுக்கு ஏற்பாடு செய்துவிட்டான். போய்ச் சேர்ந்ததும் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் உட்கார வேண்டும். பிறகு பாதை முடிகிற இடத்தில் அவளை இறக்கிவிடுவான். ஏழு நாள் கழித்து வந்து ஏற்றிக்கொள்வான். தனியாகப் போக வேண்டும் என்று கேட்டது அவள்தான். டேனி இரண்டு நாள் கழித்து ஒரு செய்தி அனுப்பினான்: "அக்கா, தப்பா பட்ட அம்பு கொல்லாது. மான் அதோட ஓடும். தேடிப் போக நீ ஒருத்திதான் இருப்ப."

அவள் தயாரானாள். விடியலில் அரை மூட்டை அரிசியை முதுகில் கட்டிக்கொண்டு எட்டு மாடி ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். மூன்றாம் மாடி தவ்ஹீத் பாய், பெண்கள் பெயருக்கு முன் பர்மியர் போல மரியாதைக்கு 'மா' சேர்ப்பவர், இரண்டு வாரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"மா பெர்சிஸ், அரிசிய மேல கொண்டுபோறீங்க, சரி. அதையே திரும்பக் கீழ கொண்டுவர்றது எதுக்கு? கடைக்காரன் வாங்கிக்க மாட்டேங்கிறானா?"

"மேல போயி அதுக்குப் பிடிக்கல, பாய்."

மான் மோப்பம் பிடித்துவிடும் என்று மல்லிகையை விட்டாள். வாசனைச் சோப்பை விட்டாள். மாலையில் பால்கனியில் நின்று உள்ளங்கையிலிருந்து ஒரு சிட்டிகை தனக்கா மாவை, பர்மியப் பெண்கள் முகத்தில் பூசும் மரப்பட்டைத் தூளை, ஊதிவிட்டு, அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தாள். ஆற்றுக்காற்று தெருவுக்குள் வந்ததும் மனம் மாறிவிடுவதைக் கண்டாள். அந்த மஞ்சள் நிறத் தூள் மசூதி மினார் வரை போகும். சிலசமயம் திரும்பி அவள் முகத்திலேயே படியும்.

வீடு பன்னிரண்டு அடி அகலம், ஐம்பது அடி நீளம். எல்லாக் கதவும் ஒரே நேர்க்கோட்டில். பால்கனிப் பக்கம் நின்று குசினிச் சுவரில் சாத்திய பழந்துணி மூட்டையைப் பார்த்து எய்வாள். நாணை முழுதாக இழுத்து, கை தாடையில் ஒட்டி நின்றதும் வீடு நீண்டுகொண்டே போகும். சுவர்களின் மழைக்கசிவு பச்சையாகி, பச்சை ஊசியிலைகளாகும். தொலைவில் குசினி விளக்கின் கீழே ஏதோ ஒன்று தலையைக் குனிந்து நிற்கும். கொம்புகள் இரண்டு சுவரையும் உரசும். அது பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருப்பதுதான் வேட்டை, எய்வது அதன் கடைசி நொடி என்று டேனி சொல்லியிருந்தான்.

ஜூனில், பருவத்தின் முதல் பெருமழை பெய்த மாலை, அது திரும்பத் தொடங்கியபோது மணி அடித்தது.

எல்லாப் பால்கனியிலிருந்தும் தெருவரை ஒரு கயிறு தொங்கும். மேல்முனையில் மணி, கீழ்முனையில் ஒரு கவ்வி. கீழே நிற்பவர் இழுப்பார், மேலே இருப்பவர் எட்டிப் பார்ப்பார். கவ்வியில் செய்தித்தாள் மேலே வரும், மருந்து வரும், குழம்புப் பை வரும். சாவி கீழே போகும். அந்தக் கட்டடத்தில் பெர்சிஸின் கயிறுதான் அதிகம் இழுபட்டது. மற்றவர்கள் தூங்குவார்கள், குளிப்பார்கள், தொலைக்காட்சி பார்ப்பார்கள். அவள் வருவாள். மழையில் ஒருவர் நிற்க, தான் உள்ளே இருப்பது அவளால் முடியாது. அதற்குப் பர்மியரிடம் 'ஆனாடே' என்ற சொல் உண்டு. பிறரைச் சிரமப்படுத்தக் கூசுவது. யாங்கோன் தமிழ் வீடுகளிலும் அதையேதான் சொல்வார்கள். ஆக, இருபது வருடமாக வாசல் சாவியை மறந்த அத்தனை பேரும் அவள் கயிற்றைத்தான் இழுத்தார்கள்.

மணி அடித்ததும் அவள் விரல்கள் திறந்தன. அவள் திறக்கவில்லை. அவையே திறந்தன. அம்பு மூட்டைக்கு ஒரு முழம் இடப்பக்கம் போய்த் தண்ணீர்ப் பீப்பாயில் நின்றது.

அவள் முதலில் பால்கனிக்கு ஓடினாள். தவ்ஹீத் பாய்க்குச் சாவியை இறக்கினாள். பிறகுதான் குசினிக்குப் போனாள். அதற்குள் ஏழாம் மாடி புஷ்பா படியேறி வந்துவிட்டாள்.

"அக்கா! ஐராவதி ஆறே எறங்கி வருது எங் குசினிக்குள்ள! என்ன பண்றீங்க மேல?"

பிறகு பீப்பாயையும் அதில் ஆடிக்கொண்டிருந்த அம்பின் வாலையும் பார்த்தாள்.

"தண்ணி டிரம்மு உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு?"

பெர்சிஸ் துணியால் ஓட்டையை அழுத்திக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். மலை, மான், ஏழு நாள். புஷ்பா ஈரத் தரையில் உட்கார்ந்து கேட்டாள்.

"மான் பாக்கணும்னா இங்க மிருகக்காட்சிச் சாலையில இருக்கே. அரை மணி நேரம் பஸ்ஸு."

"அங்க கூட்டமா இருக்கும்."

புஷ்பா சிரிக்கவில்லை. பெர்சிஸின் வலது கையை எடுத்துப் பார்த்தாள். மூன்று விரல் நுனியும் காய்த்திருந்தன.

"மணி அடிச்சா வெரல் தொறந்துருது, புஷ்பா. ஞாயித்துக்கெழமை மிங்கலாடோன்ல, ஏர்போர்ட்டு பக்கம், கடையில கூட வேலை பாக்கிற லதா வீட்டுப் பின்னால எய்யுறேன். தலைக்கு மேல ஏரோப்ளேன் எறங்குது. ஒண்ணும் ஆகல. இந்த மணிதான்."

"மலையில ஏதுக்கா மணி?"

"வேட்டைக்கு வர்றவங்க குதிரைக்குக் கழுத்துல மணி கட்டுவாங்களாம். ஒருதடவ அடிச்சாப் போதும். அம்பு வயித்துல போயிரும். அது ஓடிக்கிட்டே இருக்கும்."

அன்றே நாள்காட்டியில் ஆகஸ்ட் பதினைந்தைச் சுற்றி வட்டம் போட்டாள். மாதா விண்ணேற்புத் திருநாள். அதற்குள் விரல் அடங்காவிட்டால் வரவில்லை என்று டேனிக்குச் சொல்லிவிடுவது. ஒரு மிருகம் வலியோடு மலை முழுக்க ஓடுவதற்காக அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

முதலில் எளிய வழியைத் தேர்ந்தாள். கயிற்றை மேலே இழுத்து, மணியைக் கழற்றி அலமாரியில் வைத்தாள். நான்கு நாள் அமைதி. கீழே நின்றவர்கள் கயிறு இல்லாமல் தெருவிலிருந்து "பெர்சிஸ்! பெர்சிஸ்!" என்று கத்தினார்கள். அதைவிட மோசம், நாணை இழுத்ததும் அவள் வராத மணிக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஐந்தாம் நாள் மணி இல்லாமலே விரல்கள் திறந்தன. அம்பு கதவு நிலையில் பாய்ந்தது.

"மணி இருந்தாத் தேவல," என்றாள் புஷ்பா. "இல்லாததுக்குப் பயந்தா எந்நேரமும் பயந்துக்கிட்டே இருக்கணும். கட்டுங்க மறுபடி. உங்க கயிறு எம் பால்கனியத் தாண்டித்தான போகுது? நான் இழுக்கிறேன்."

"எப்ப இழுப்ப?"

"எனக்கே தெரியாது. மீன் பொரட்டும்போது ஞாபகம் வந்தா இழுப்பேன்."

அப்படியே நடந்தது. மழை மாதங்களின் மாலைகள். கீழே மீன் பொரியும் வாசனை, மேலே ஊசியிலைக் காடு. மணி சிலநாள் இரண்டு முறை, சிலநாள் இருபது முறை. புஷ்பாவுக்குக் கணவன் மேல் கோபமென்றால் ஓயாது. ஜூலை தொடக்கத்தில் பத்துக்கு ஏழு அம்பு தானாகப் போனது. மாத நடுவில் நான்கு. போகாத அம்புகளைத்தான் பெர்சிஸ் எண்ணினாள். நாணில் அம்பை வைத்தபடியே இழுவையை மெல்லத் தளர்த்தி, எய்யாமல் திரும்பக் கொண்டுவருவது எய்வதைவிடக் கடினம். தோள் நடுங்கும். தளர்த்தி முடித்து, வில்லை ஆணியில் மாட்டி, பிறகு பால்கனிக்கு நடந்தாள். ஓடவில்லை. இழுத்தது புஷ்பாவா, வேறு யாராவதா என்று அப்போதுதான் தெரியும்.

ஒருநாள் தவ்ஹீத் பாய் சொட்டச் சொட்ட மேலே வந்தார். கண்ணாடி முழுக்க மழைத்துளி.

"செத்துப்போயிட்டீங்களோன்னு நெனச்சேன், மா பெர்சிஸ்."

"இல்ல பாய். கையில வில்லு இருந்துச்சு."

"எந் தலையில மழை இருந்துச்சு."

"ஆனாடே, பாய்."

"உங்களுக்கு ஆனாடே. எனக்கு ஜலதோஷம்."

அவள் அவருடைய கண்ணாடியை வாங்கித் துடைத்துக் கொடுத்தாள். அவர் போட்டுக்கொண்டு, குசினிச் சுவரில் இருந்த மூட்டையை நெடுநேரம் பார்த்தார். அதில் அவள் கரியால் ஒரு தோளும் முன்னங்காலும் வரைந்திருந்தாள். தலை வரையவில்லை.

"தலை எங்க?"

"இன்னும் பாக்கல, பாய்."

அவர் போன பிறகு அவள் மறுபடி வில்லை எடுத்தாள். அன்று இரண்டு அம்பு தானாகப் போயின. இரண்டும் பாயின் நனைந்த சட்டையை நினைத்தபோது போனவை. விரலை அடக்கிவிடலாம் போலிருந்தது. யாரோ கீழே காத்திருக்கிறார்கள் என்ற நினைப்புதான் அடங்கவில்லை. மலையிலும் யாரோ ஒருவருக்குப் பதில் சொல்லவேண்டும் என்றே நின்றுகொண்டிருப்பாளோ என்று தோன்றியது. அன்று கனவில் எல்க் படியேறி வந்தது. ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கியது. வாயில் ஒரு சாவி வைத்திருந்தது.

ஆகஸ்ட் பதினைந்து. பூசை ஏழு மணிக்கு. விடியலில் மழை சன்னமாகப் பெய்தது, பால்கனிக் கம்பியில் துளிகள் வரிசையாக நின்றன. புஷ்பா எழுந்திருக்க இன்னும் நேரம் இருந்தது. இன்று மணி இல்லை என்று பெர்சிஸ் நினைத்தாள், அதனால் முடிவும் இல்லை. இருந்தாலும் வில்லை எடுத்தாள்.

இழுத்தாள். வீடு நீண்டது. சுவர்கள் விலகின. குளிர் வந்தது. எங்கிருந்து என்று தெரியவில்லை, யாங்கோனில் அந்தக் குளிர் கிடையாது. தொலைவில் அது முதுகைக் காட்டி நின்றது. காத்திருந்தாள்.

மணி அடித்தது.

தவ்ஹீத் பாய். தொழுகை முடிந்து சாவியில்லாமல் நிற்கிறார். மழையில். அவளுக்கு உடனே தெரிந்தது. விரல்கள் நாணைப் பிடித்தபடியே இருந்தன. மறுபடி மணி. சட்டை நனைந்திருக்கும். தொலைவில் மான் காதை மட்டும் அசைத்தது, திரும்பவில்லை. மூன்றாவது மணி. அவள் நாணை மெல்லத் தளர்த்தினாள். தோள் இறங்கியது. வில் கீழே வந்தது.

பால்கனி அவளுக்குப் பின்னால் நான்கு அடியில் இருந்தது. அவள் போகவில்லை.

நிற்பது கஷ்டமாக இருந்தது. அரை மூட்டை அரிசியோடு ஏறுவதைவிடக் கஷ்டம். மழையைக் கேட்டாள். பிறகு ஒரு கட்டத்தில் அந்தக் கஷ்டம் தன் வேலை முடிந்ததுபோல எழுந்து போய்விட்டது.

நான்காவது மணி வரவில்லை. பதிலாகக் கீழே ஏழாம் மாடியில் வேறொரு மணி, விரிசல் விட்ட வெண்கலக் குரலில், யாரும் அதிகம் கேட்டிராத மணி, அடித்தது. தூக்கக் கலக்கத்தில் ஒரு கதவு திறந்தது.

"யாரு? பாயா? மேல அக்கா இல்லியா?"

"இருக்காங்க போல," என்றது தெருவிலிருந்து குரல். "மலைக்குப் போயிருக்காங்க."

"அப்ப நான் மட்டும் தூங்காம இருக்கணுமாக்கும்! இருங்க, சாவி எங்க வெச்சேன்னு பாக்கிறேன். அந்த மழைக்குக் கொஞ்சம் ஒதுங்கித்தான் நில்லுங்களேன்!"

பெர்சிஸ் மறுபடி அம்பை நாணில் பொருத்தினாள். இழுத்தாள். கை தாடையில் ஒட்டியது. எட்டு மாடிக்குக் கீழே யாரோ இரும்புக் கதவை இழுத்தார்கள். தாழ்வாகத் தொடங்கி, உயர்ந்து, உச்சியில் கிறீச்சென்று முடிந்தது. காட்டில் அது தலையைத் தூக்கியது. குரல் வந்த திசையைப் பார்க்க, நிதானமாக, தோளும் முன்னங்காலும் தெரியப் பக்கவாட்டில் திரும்பியது.

இப்போது அவள் விரல்களைத் திறந்தாள்.

அம்பு கரித்தோளுக்குப் பின்னால், ஒரு விரல்கடை தள்ளி, போகவேண்டிய இடத்தில் போய் நின்றது. அவள் அதைப் பிடுங்கவில்லை. டேனிக்கு ஒரு வரி அனுப்பினாள்: வருகிறேன்.

பூசைக்குப் புறப்படும் முன் பால்கனிக்குப் போய்க் கயிற்றை மேலே இழுக்கத் தொடங்கினாள். கயிறு அங்கேயே கிடைக்கும் என்று டேனி சொல்லியிருந்தான். கரடிக்கு எட்டாத உயரத்தில் இறைச்சியைக் கட்டித் தூக்க வேண்டுமாம். கட்டித் தூக்குவது அவளுக்குத் தெரிந்த வேலை, தெரிந்த கயிறாக இருக்கட்டும் என்று நினைத்தாள். ஈரக் கயிறு கனமாக இருந்தது. முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் நடுவே வளையம் வளையமாகச் சுற்றினாள். தண்ணீர் முழங்கை வழியே சொட்டியது.

ஏழாம் மாடி பால்கனியில் புஷ்பா பல் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கயிறு எங்க போகுது?"

"எங்கூட வருது."

"அப்ப எல்லாரும் இனி எந் தலையிலயா?"

"மலையில ஏழு நாள்தான். அடுத்த மாசத்துக்கு இப்பவே பழகிக்கோ."

"ஏழு நாளுன்னு சொல்லிட்டுப் போங்க," என்றாள் புஷ்பா, வாயில் நுரையோடு. கைநீட்டித் தன் மணியை ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள். கயிற்றின் நுனியிலிருந்த கவ்வி, எதையும் கவ்வாமல், அவள் முகத்தைத் தாண்டி மேலே போனது.