நான் கைகாட்டிய இடம்

எனக்குத் தெரிந்த தொழில் இரண்டு. ஒன்று இறால் தீன் விற்பது, மற்றது ஆட்களை ஆட்களிடம் அனுப்புவது. முதலாவதற்குக் கடை வாசலில் பெயர்ப்பலகை இருக்கிறது. இரண்டாவதற்கு ஒன்றுமில்லை, ஆனாலும் எங்கள் களப்புக்கரை ஊர் தில்லையடியில் என்னைத் தேடி வந்தவர்களில் பாதிப்பேர் அதற்காகத்தான் வந்தார்கள். குளத்து மோட்டார் பழுதா, தாத்தாவிடம் கேள். வரம்பு கட்ட ஆள் வேண்டுமா, தாத்தாவிடம் கேள். எங்கள் பக்கம் அக்காவைத் தாத்தா என்போம். என்னைவிட மூத்த ஆண்களும் அப்படியே கூப்பிட்டார்கள். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை, பிடித்திருந்தது.

ஒருவருக்கு விலாசம் கொடுத்து அனுப்புவது வேறு, சொல்லிவிடுவது வேறு. ஆள் புறப்பட்டதும் நான் ஃபோனை எடுப்பேன். நம்மட ஆள் ஒருத்தர் வாறார், பார்த்துச் செய்ங்க என்பேன். அவ்வளவுதான். அந்த ஒரு கோலுக்குப் பிறகு போகிற இடத்தில் கதிரை கிடைக்கும், பிளேன்டீ கிடைக்கும், முன்னால் கிடக்கிற சாமானைத் தள்ளிவிட்டு உள்ளே போய் நல்லதை எடுத்துத் தருவார்கள். கொமிஷன் என்று ஒரு சதம் வாங்கியதில்லை. வாங்கியிருந்தால் நல்லதாயிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். தரகர் சொல்வதை யாரும் முழுசாக நம்புவதில்லை, ஒரு தடவையாவது தாங்களும் பார்ப்பார்கள். நான் காசு வாங்காதவள் என்பதால் என்னை நம்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் சிலாபத்தில் ஒரு ஹோட்டலில் சிறுதொழில் செய்கிறவர்களுக்கு ஒரு நாள் வகுப்பு வைத்தார்கள். டை கட்டிய ஒருவர் கொழும்பில் இருந்து வந்து, வியாபாரம் என்பது உறவு, பக்கத்தில் இருப்பவருக்கு இன்றைக்கே இரண்டு வாடிக்கையாளரின் பெயரைக் கொடுங்கள் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதைச் சொல்லித்தர ஒரு ஆள், அதைக் கேட்க நான் பஸ் ஏறி வந்திருக்கிறேன்! ஆனால் அன்றைக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தவரும் சிரித்தார். அவர் குஞ்சுக்காரர். கடலோரம் தொட்டிகள் வைத்து இறால் குஞ்சு பொரிக்க வைத்து, குளக்காரர்களுக்கு விற்கிறவர். மெல்லிய குரல், மரியாதையான பேச்சு. நாங்கள் இருவரும் வகுப்பில் சொன்னபடியே ஆளுக்கு இரண்டு பெயர் மாற்றிக்கொண்டோம். விளையாட்டாகத்தான் செய்தோம்.

அடுத்த கிழமையே அவர் அனுப்பிய இரண்டு பேரும் என் கடையில் தீன் மூட்டை ஏற்றினார்கள். நான் அனுப்பிய இரண்டு பேருக்கும் அவர் நல்ல குஞ்சு கொடுத்தார், அந்தப் போகம் நன்றாக விளைந்தது. பிறகு அவர் ஐந்து பேரை அனுப்பினால் நான் ஆறு பேரை அனுப்பினேன். பெருநாளைக்கு நான் வட்டிலாப்பம் அனுப்பினேன், அவர் வீட்டில் இருந்து கொக்கிஸ் பலகாரம் வந்தது. ஒரு வருடத்தில் என் கடைக்கு வருகிறவர்களில் அரைவாசி அவர் சொல்லி வருகிறவர்கள். மகிழ்ச்சியாக இருந்தேன். அது எந்த இடத்தில் மகிழ்ச்சியாக இருப்பதை விட்டு, அவரைப் பகைத்தால் என் கடை படுத்துவிடும் என்ற நிலைக்கு வந்தது என்று எனக்குத் தெரியாது. அது சத்தம் போட்டுக்கொண்டு வரவில்லை.

இனி என் கூட்டாளியை, என் சின்ன வயதுச் சிநேகிதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொண்ணூறில் மன்னாரில் இருந்து விரட்டப்பட்டு உடுத்த உடுப்போடு வந்தவர்களில் அவள் குடும்பமும் ஒன்று. எங்கள் வளவில்தான் முதல் ஓலைக் கொட்டில் போட்டார்கள். அப்போது இரண்டு பேருக்கும் பதின்மூன்று வயது. அவளுக்குக் கலியாணம் முடிந்து ஆறாம் மாதம் மாப்பிள்ளை கத்தாருக்குப் போனவர், பதினெட்டு வருடம் வருவதும் போவதுமாக இருந்தார். சேர்த்ததை எல்லாம் போட்டு வாய்க்கால் ஓரமாக ஒரு இறால் குளம் வாங்கினார்கள். இந்த ஒரு போகம் விளைந்தால் இனி அவர் போக வேண்டாம், விளையாவிட்டால் பழைய வேலைக்கே திரும்ப வேண்டும். இதை அவள் எனக்கு ஒரு நூறு தடவை சொல்லியிருப்பாள். சொல்லும்போது முகம் புதுப் பெண்ணைப் போல இருக்கும். நான் கேலி பண்ணுவேன், கிழவியாகிற வயதில் மாப்பிள்ளை கேட்குதோ என்று. வெட்கப்பட்டுக்கொண்டு என் தோளில் அடிப்பாள்.

குஞ்சு எங்கே வாங்குவது என்று கேட்க அவர்கள் இருவரும் கடைக்கு வந்தார்கள். அவர் விபரமானவர், பேசாமல் விசாரித்து வைத்திருந்தார். வெண்புள்ளி நோய் இல்லை என்று சோதித்த கடதாசி ஒன்று ஒவ்வொரு தொட்டிக்கும் இருக்க வேண்டும், அதை வாங்கிப் பார்த்துவிட்டு ஏற்றுவோமா என்றார். என் முகம் சுண்டிவிட்டது. நான் சொல்லிவிட்ட ஆள் அங்கே போய்க் கடதாசி கேட்பதா? எங்களுக்குள் அது வழக்கமில்லை. கடதாசி கேட்டால் உன்னையும் நம்பவில்லை, உன்னிடம் அனுப்பினவளையும் நம்பவில்லை என்று அர்த்தம். முன்பின் தெரியாதவர்கள் கேட்கலாம்.

"நான் சொல்லிவிடுறன். அதுக்கு மேல உங்களுக்கு என்ன கடதாசி?" என்றேன்.

அவர் உடனே மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக் கேட்டார் அந்த மனிதர்.

நான் அந்தப் போகத்தில் ஐந்து பேரைச் சொல்லிவிட்டிருந்தேன். அவள் ஐந்தாவது. மற்ற நாலு பேருக்கும் இரண்டு கிழமை பிந்தி அவள் குளத்தில் குஞ்சு விட்டார்கள்.

தீன் விற்கிறவளுக்கு ஒரு கணக்கு இருக்கிறது, அதை எழுதி வைக்கத் தேவையில்லை. இறால் வளர வளர அதிகம் தின்னும். இந்தக் கிழமை ஐந்து மூட்டை எடுத்தவர் வருகிற கிழமை ஏழு எடுப்பார். ஒரு செவ்வாய்க்கிழமை நாலு பேரில் ஒருவர் வரவில்லை. வேறு கடைக்குப் போயிருப்பார் என்று கோபப்பட்டேன், மனதுக்குள் நாலு வார்த்தை ஏசினேன். வியாழக்கிழமை இரண்டாமவர் வரவில்லை. மூன்றாமவர் வந்து, ஏற்றிய மூட்டை இரண்டை உடைக்காமல் திருப்பித் தந்துவிட்டு, வீட்டில் விசேஷம், பிறகு வாறன் என்று என் முகத்தைப் பாராமல் போனார். குளத்துக்குத் தீன் போடாமல் வீட்டில் என்ன விசேஷம்? அந்த மூட்டைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இறால் தின்பதை நிறுத்திவிட்டது. வேறு அர்த்தம் அதற்கு இல்லை.

ஆனால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். நோய் வந்தது வெளியே தெரிந்தால் பக்கத்துக் குளக்காரர் மதகை அடைத்துச் சண்டைக்கு வருவார், மிச்சத்தை வாங்க லொறி வராது. அதனால் அவரவர் வாயைப் பொத்திக்கொண்டு, பிடித்ததைப் பிடித்து விற்றுவிட்டு, நோய்த் தண்ணீரை எல்லாரும் தண்ணீர் எடுக்கிற வாய்க்காலில் திறந்துவிடுவார்கள். அந்த நாட்களில் கடையில் ஒரு அமைதி இருந்தது. ஃபோன் அடிக்கவில்லை. தாத்தா என்று யாரும் கூப்பிடவில்லை. பிறகு நாலாமவரும் வரவில்லை. நாலு பேருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான், என் ஃபோன் கோல்.

குஞ்சுக்காரருக்கு எடுத்தேன். சுற்றி வளைத்துத்தான் கேட்டேன், எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் ஆறுதலாகச் சிரித்தார். மழைத் தண்ணீர் இறங்கியிருக்கும், குளத்துக்கு வருகிற களப்புத் தண்ணீரில் உப்புக் குறைந்தால் இறால் இரண்டு நாள் தின்னாது, பயப்படாதீர்கள் என்றார். ஃபோனை வைத்து இரண்டு மணித்தியாலம் ஆகவில்லை, கற்பிட்டிப் பக்கம் இருந்து இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். அவர் சொல்லிவிட்டாராம். நாற்பது மூட்டை. என் வாயை எவ்வளவு அழகாக அடைத்தார் பாருங்கள்! அடைக்கிறார் என்று தெரிந்துகொண்டே நான் மூட்டையை ஏற்றினேன்.

கூட்டாளியிடம் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அவள் குளத்து இறாலுக்கு இரண்டு மாதம் ஆகியிருந்தது. நோய் கண்ணுக்குத் தெரிய முன் வலை போட்டுப் பிடித்தால் சின்ன இறால்தான், குறைந்த விலைதான், ஆனால் போட்டதில் பாதிக்கு மேல் கையில் வந்திருக்கும். அந்த மனிதர் இங்கேயே நின்று இன்னொரு போகம் பார்த்திருப்பார். நான் மூன்று நாள் சொல்லவில்லை. உறுதியாகத் தெரியாமல் எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். நான் கைகாட்டிய இடம் பிழையாகிவிட்டது என்று என் வாயால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த மூன்று நாளும் அவள் தீன் வாங்கிப்போனாள், ஒவ்வொரு நாளும் நான்தான் மூட்டையைத் தூக்கி ஆட்டோவில் வைத்தேன்.

நாலாம் நாள் காலையில் தாங்கமுடியாமல் அவள் குளத்துக்குப் போனேன். தூரத்தில் வரும்போதே காகங்களைக் கண்டேன். வரம்பில், கம்பியில், தண்ணீரைக் கலக்கும் சக்கரத்து மேல், எங்கே பார்த்தாலும் காகம். சத்தம்கூடப் போடவில்லை, அவசரமில்லாமல் நின்றன. இறால்கள் கரையோரமாக வந்து நின்றன. குனிந்து ஒன்றைத் தூக்கினேன், துள்ளவில்லை. தலை ஓட்டைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்தால் உள்ளே வெள்ளைப் புள்ளிகள்.

அவள் என்னைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்தாள். "நீ வந்தது நல்லம். குஞ்சுக்காரருக்கு ஒரு கோல் எடுத்துக் கேளன், இது என்னெண்டு. நீ கேட்டா மறைக்கமாட்டார்."

எனக்கு அழுகை வந்தது. நாலு குளத்துக் கதையையும், மூன்று நாள் கதையையும் அந்த வரம்பில் நின்று சொன்னேன். அவள் என் கையை விடவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் தண்ணீரைப் பார்த்தபடியே, மிகவும் மெல்லமாக, நேற்று அவள் தம்பியையும் அதே இடத்துக்கு அனுப்பியதாகச் சொன்னாள். என் பெயரைச் சொல்லச் சொல்லித்தான் அனுப்பினாளாம்.

தம்பிக்கு நான்தான் ஃபோன் எடுத்தேன். இரண்டு தரம் நம்பரைப் பிழையாக அமத்தினேன். அவன் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"ஓம் தாத்தா, உங்கட பேரச் சொன்னதும் நல்லாக் கவனிச்சாங்க. இப்பதான் குளத்துல விட்டு முடிச்சம்."

அவனிடம் சொல்லவேண்டியதைச் சொன்னேன். உடனே லைன் அறுந்துவிட்டது. அவனாகத் துண்டித்தான் என்றுதான் நினைக்கிறேன்.

கூட்டாளியின் மாப்பிள்ளை மற்றவர்களைப் போலச் செய்யவில்லை. மதகை இறுக்கி அடைத்து, சாக்கு வைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் வாய்க்காலுக்குப் போகாமல் குளத்துக்கு மருந்து போட்டார். பக்கத்துக் குளக்காரரை எல்லாம் தானே போய்க் கண்டு, எனக்கு வந்திட்டு, நீங்க கவனம் என்று சொன்னார். நான் அவர் முகத்துக்கு முன் நிற்கக் கூசி ஒரு கிழமை கடையைத் திறக்கவில்லை.

திறந்த அன்று காலையில் அவர்தான் முதல் ஆளாக வந்தார். ஏசத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன், ஏச்சு வாங்கத் தயாராகத்தான் இருந்தேன். அவர் சேட்டுப் பொக்கெட்டில் இருந்து பாஸ்போட்டை எடுத்து மேசையில் வைத்தார். பழைய கொம்பனியில் இனி எடுக்கமாட்டார்களாம், வயது கூடிவிட்டதாம். கொழும்பில் ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சி ஒன்றின் பெயரைச் சொல்லி, அந்த முதலாளியை எனக்குத் தெரியும்தானே என்று கேட்டார். தெரியும். இரண்டு பேரை அனுப்பியிருக்கிறேன். அவர்கள் அங்கே எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை என்பது அந்த நிமிஷத்தில்தான் எனக்கு உறைத்தது.

ஃபோனைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். நம்பரை மட்டும் ஒரு கடதாசித் துண்டில் எழுதிக் கொடுத்தேன். நல்லா விசாரியுங்க, எல்லாக் கடதாசியையும் வாங்கிப் பாருங்க, என் பெயரை மட்டும் அங்கே சொல்லவேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டேன்.

அவர் துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை.

"உங்கட பேரச் சொல்லாம போனா, அங்க என்னை ஆர் தாத்தா பார்ப்பாங்க?"