மில்தா வீட்டுச் சீஸும் தகர அச்சும்

இது சத்தியமாக நடந்த கதை. ஒரு சொல் கூட்டிச் சொன்னால் இந்த மழை முழுக்க என் தலையில் கொட்டட்டும். சரி, கோபப்படாதீர்கள், பன்றி வருகிற இடத்தில் கொஞ்சம் இழுத்திருக்கிறேன். மற்ற இடங்களில் நிறைய இழுத்திருக்கிறேன். காளான் பொறுக்க வந்த நாம் நாலு பேரும் பஸ் நிறுத்தத்தில் ஒதுங்கி நிற்கிறோம். மழை விடுகிறவரை கேளுங்கள்.

தபால்கார மில்தாவைத் தெரியாதவர் உண்டா? முப்பத்தோரு வருஷம் சைக்கிளில் கடிதம் சுமந்தவள். அவள் மணியடித்தால் நாய்களே எழுந்து வழிவிடும். ஆனால் வாயைத் திறந்து பாடினாளோ, காக்கைகள் சொந்தக்காரி வந்துவிட்டாள் என்று கூடிவிடும். அதனால் நடுக்கோடை யாணித் திருநாளில் வீடு வீடாக வந்து வசை பாடுகிற கோஷ்டிக்கு எதிர்ப்பாட்டுக் கட்டுவது எப்போதும் அவள் கணவர் ஆர்வீத்ஸின் வேலை. இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

போன யாணிக்கு மில்தா ஒருத்தியே எல்லாம் செய்தாள். களை கிடந்தால் பாட்டில் இழுத்துவிடுவார்களே என்று கேரட் பாத்தியில் மூன்று நாள் முழங்காலிட்டுப் பிடுங்கினாள். பயத்தில் பாதிக் கேரட் தானாகவே வெளியே வந்து நின்றது. பிறகு ஆறு பானைப் பாலைத் திரித்து, சீமைச்சீரகம் தூவிச் சீஸ் செய்தாள். வழக்கப்படி துணியில் கட்டிப் பிழிந்தால் சீஸில் துணி மடிப்பு பதியும்; ஆனால் பிழிய மணிக்கட்டு இடம் கொடுக்கவில்லை. டவுனில் வாங்கிய தகர அச்சில் போட்டு அழுத்தினாள். சீஸ் சூரியனைப் போல வட்டமாக, வழவழவென்று வந்தது.

மாலை ஒன்பது மணி. நடுக்கோடையல்லவா, வெயில் இன்னும் கூரையிலிருந்து இறங்கவில்லை. தலையில் பூவும் ஓக் இலையும் சூடிக்கொண்டு பாட்டுக் கோஷ்டி வாசலுக்கு வந்தது. முன்னால் ஸ்கைத்ரா. அடுத்த பண்ணைக்காரி, ஊரிலேயே நீளமான நாக்கு. மில்தா நீட்டிய சீஸ் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிரித்தாள். அடிக்கு அடி 'லீகோ' என்ற யாணிப் பல்லவி வைத்துப் பாடினாள்.

"துணி மடிப்பு எங்கடி, லீகோ லீகோ,
துடைச்சு வச்ச சீஸுல, லீகோ!
மில்தா அக்கா செய்யல, லீகோ லீகோ,
கடைக்காரன் செஞ்சது, லீகோ!"

மில்தாவுக்குக் காது நுனி வரை கொதித்தது.

"அடியே! ஆறு பானைப் பால்டி! என் கையைப் பாரு, வீங்கிக் கெடக்கு!"

"பேச்சு செல்லாதுக்கா! பாட்டாச் சொல்லுங்க!" என்று கோஷ்டி தரையை உதைத்தது.

அதுதானே வழக்கம். யாணிப் பாட்டில் என்ன வசை வந்தாலும் கோபப்படக் கூடாது. எதிர்ப்பாட்டு வரவில்லையென்றால் பாடினது உண்மை என்றாகிவிடும். அடுத்த யாணி வரை ஊர் அவளைக் கடைச்சீஸ்காரி என்றே கூப்பிடும்.

"பாவம், விடுங்கப்பா," என்றாள் ஸ்கைத்ரா. "ஆர்வீத்ஸ் அண்ணன் இருந்திருந்தா இந்நேரம் நாலு பாட்டு வந்திருக்கும்."

சீஸைச் சொன்னதைவிட இதுதான் சுட்டது. செத்த மனுஷனை எடுத்து அடிக்கிறாளே! மில்தா விறுவிறுவென்று கொல்லைப்பக்கம் போனாள். அழத்தான் போகிறாள் என்று நினைத்தார்கள். திரும்பி வந்தபோது கையில் ஒரு வாளி, பின்னாலேயே அவள் பன்றி. குளியல் குடிசை பெரிசு இருக்கும் அது, கதவைக் கழற்றித்தான் வெளியே விட வேண்டும். வாளியை ஸ்கைத்ராவின் காலடியில் டங்கென்று வைத்தாள். சீஸிலிருந்து வடிந்த, பால் திரிந்த தண்ணீர், விளிம்பு வரை. காக்கைக் குரலில் ஆரம்பித்தாள்.

"கடையில சீஸ வாங்கினா, லீகோ லீகோ,
திரிஞ்ச தண்ணி தருவானா, லீகோ?
என் பன்னி தெனம் குடிக்குது, லீகோ லீகோ,
உன் பன்னி கனாவுல பாக்குது, லீகோ!"

பிர்ச் மரங்களின் இலை பாதி உதிர்ந்தது. கோஷ்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டது. ஸ்கைத்ரா எதிர்ப்பாட்டுக்கு வாயைத் திறந்தாள். அதற்குள் பன்றி அவள் தலைப்பூவை எட்டித் தின்றுவிட்டது.

கடைசியில் ஸ்கைத்ரா, "இன்னொரு துண்டு குடுக்கா" என்று தட்டை நீட்டினாள்.

"பாட்டாவா கேட்டா, பேச்சாவா?" என்று கதையை மறித்தாள், பஸ் நிறுத்தத்தில் நம்மோடு காளான் கூடையோடு நின்ற பிருதா.

பேச்சாகத்தான், என்றேன்.

"அப்ப மில்தா ஜெயிச்சாச்சு!"

"என்னத்த ஜெயிச்சா?" என்றான் பக்கத்தில் நின்ற பிருதாவின் புருஷன் லைமொனிஸ். "தகரத்துல போட்டது யாணிச் சீஸே இல்ல. துணி மடிப்பு வேணும்."

"நீ என்னிக்காவது ஒரு துணியப் பிழிஞ்சிருக்கியாய்யா? ஒன் சட்டையக்கூட நான்தானே பிழியறேன்!"

"வழக்கம்னா வழக்கம்டி!"

"வழக்கத்தப் பிழிய ஒன் கைய நீட்டு, பாக்கலாம்!"

காளான் கூடை கவிழ்ந்தது. மழை விட்டுவிட்டது, இவர்கள் விடவில்லை.