சாப்பாட்டு நேரத்தில் பார்த்த முகங்கள்

கள்ளக்குறிச்சியில் ஒரு விதைக் கம்பெனி ஆபீஸில் எனக்கு வேலை. கூட்டுவது, டீ வாங்குவது, பார்சல் கட்டுவது. வீடு மலைமேல், வெள்ளிமலையிலிருந்து இன்னும் உள்ளே. அங்கே போனில் சிக்னல் கிடையாது. நெட்டுக்குக் காசு போடுவதில்லை; ஆபீஸில் வைஃபை உண்டு. என் போனிலும் போட்டுக்கொடுத்திருந்தார்கள்.

மதியம் சாப்பிட்டதும் மற்றவர்கள் கிரிக்கெட் பார்ப்பார்கள், படம் பார்ப்பார்கள். நான் செத்தவர்களைப் பார்ப்பேன்.

என் தம்பி கூலி வேலைக்கென்று வெளிமாநிலம் போனான். மேஸ்திரி ஒருவன் வேனில் ஏற்றிக்கொண்டு போனான். பக்கத்து ஊர்க்காரர் ஒருவரும் அதே வேனில் போனார். இரண்டு பேரும் திரும்பவில்லை. மேஸ்திரி போனை எடுப்பதில்லை. போலீஸுக்குப் போக மலையில் பயம். என்ன வேலைக்குப் போனான் என்றுதான் முதலில் கேட்பார்கள். செம்மரம் வெட்ட என்று எப்படிச் சொல்வது?

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு வக்கீல் குமாஸ்தா போலீஸ் நெட்டில் போடுகிற ஒரு பக்கத்தை என் போனில் எடுத்துக்கொடுத்தார். அந்த மாநிலத்தில் கிடைத்த, யாரும் கேட்டு வராத பிணங்களின் போட்டோ. கீழே இங்கிலீஷில் ஏதோ எழுதியிருக்கும். எனக்கு வராது. முகம் பார்க்கப் படிப்பு வேண்டாம்.

மாடிப்படிக்கு அடியில், தண்ணீர் கேன் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். தம்பி இல்லை என்றால் எழுந்து டிபன் பாக்ஸைக் கழுவுவேன்.

பிறகு அந்த முகங்கள் என் கூடவே வர ஆரம்பித்தன. மலை ஏறும் பஸ்ஸில் எல்லோரும் தூங்கி வழிவார்கள். தலை சாய்ந்திருக்கும், வாய் லேசாகத் திறந்திருக்கும். அதே மாதிரி. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். கண்ணாடியிலும் அவர்கள்தான் தெரிவார்கள்.

ஒருநாள் ஒரு காதைப் பார்த்தேன். இடது காது, கீழே இரண்டாகக் கிழிந்து ஆறியது. முகம் ஊதிப்போயிருந்தது. பக்கத்து ஊர்க்காரருக்குச் சின்ன வயதில் மாட்டுக்கொம்பு கிழித்த காது அப்படித்தான் இருக்கும். போனை அணைத்துவிட்டேன்.

அது அவர் என்றால் தம்பியும் உயிரோடு இல்லை. ஒன்றாகப் போனவர்கள்.

சாயந்திரம் மலையில் அவர் சம்சாரம் எதிரே வந்தாள். சொல்லவில்லை. நிச்சயம் தெரியாமல் தாலி விஷயம் பேசக்கூடாது. இன்னொரு முறை பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன்.

மறுநாள் மதியம் திறந்தேன். முகம் வரவில்லை. சிவப்பாக ஒரு பலகை வந்தது. நடுவில் கை நீட்டித் தடுக்கிற படம். வெளியே நெட் கடையில் கேட்கலாம். யார், எந்த ஊர் என்பார்கள். ஆபீஸ் கம்ப்யூட்டர்காரரிடம் போனேன்.

"எல்லாத்தையும் பூட்டியாச்சுண்ணே. மேல ஆர்டர். கிரிக்கெட் கெடயாது, சினிமா கெடயாது. நீங்க இன்னா பாத்துக்கினு இருந்தீங்க?"

நான் பார்த்ததைத் தன் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தார்.

"இன்னாண்ணே இது? அவனவன் பொண்ணு போட்டோ பாத்துக்கினு இருக்கான், நீங்க பொணத்தப் பாக்குறீங்க. சோறு எறங்குதா?"

"என் தம்பி அதுல இருக்கானான்னு பாக்குறேன் சார்."

அவர் சிரிப்பு நின்றது. கொஞ்ச நேரம் மவுஸை உருட்டிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு மேனேஜர் சாப்பிடப் போறப்ப வாங்க. தொறந்து தர்றேன். பெரிய ஸ்கிரீன்ல பாருங்க. யார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காதீங்க."

"ஒருத்தரக் கூட்டியாறேன் சார்," என்றேன். காது எனக்குத் தெரியும். ஆனால் இவர்தான் என்று சொல்ல நான் யார்?

அன்று சாயந்திரம் பக்கத்து ஊர்க்காரர் சம்சாரத்திடம் "ஒரு போட்டோ இருக்குதும்மா, வந்து பாக்கணும்" என்று மட்டும் சொன்னேன். என்ன போட்டோ என்று கேட்கவில்லை. காலை பஸ்ஸுக்கு எனக்கு முன்னால் வந்து நின்றாள். பஸ்ஸில் தூங்காமல் வந்தது அவளும் நானும்தான்.

மதியம் மேனேஜர் போனதும் கம்ப்யூட்டர் ரூமுக்குள் போனோம். உள்ளே ஏசி. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். சிவப்புப் பலகை போனது. முகங்கள் வந்தன. நான் சொன்ன முகத்தைக் கம்ப்யூட்டர்காரர் பெரிதாக்கினார். காது என் உள்ளங்கை அளவு இருந்தது.

வெகுநேரம் பார்த்தாள்.

கம்ப்யூட்டர்காரர் கீழே இருந்த எழுத்தைத் தமிழில் சொல்ல ஆரம்பித்தார். "இடது காதுல பழைய..."

"படிக்க வேணாம் சார்," என்றாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். "இவரு இல்லண்ணா. யாரோ, பாவம்."

காதைக் காட்ட விரலைத் தூக்கினேன். இறக்கிவிட்டேன். இது அவர் இல்லை என்றால் என் தம்பி இருக்கிறான்.

"ஆமாம்மா. இவரு இல்ல," என்றேன்.

கம்ப்யூட்டர்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "மீதியையும் பாக்குறீங்களா?"

"வேணாம் சார். பூட்டிடுங்க," என்றாள் அவள்.

பஸ் ஏற்றிவிடப் போனேன். பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் ஒரு வளையல் கடை. நின்று, பச்சைக் கண்ணாடி வளையல் கேட்டாள். கடைக்காரம்மா கையைப் பிடித்து ஒவ்வொன்றாக ஏற்றினாள்.

"இன்னாம்மா இவ்ளோ, வளைகாப்பா?"

"வூட்டுக்காரரு வெளியூரு போயிருக்காரு. வர்றப்ப கை மொட்டையா இருந்தா திட்டுவாரு."

கடைக்காரம்மா சிரித்தாள். அவளும் சிரித்தாள். இரண்டு கையும் நிறைந்தது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்து ஏறினாள்.

நான் ஆபீஸுக்குத் திரும்பி நடந்தேன். காது கிழிந்தவர் கூடவே வந்தார். அவரைக் கேட்டுப் போக எங்களை விட்டால் ஆளில்லை.