கங்காணிக் குரல்

நாட்டுக்குச் சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரை அப்படியே இருந்தார். போனது எங்கள் ஓட்டுதான்; கடல் தாண்டிக் கூலிக்கு வந்த சனம் என்று சொல்லிப் பறித்துக்கொண்டார்கள். உங்களுக்கு மிச்சம் இருப்பது குரல் ஒன்றுதான், அதை உயர்த்துங்கள் என்று டவுனிலிருந்து வந்த சங்கத்துக்காரர்கள் பேசிவிட்டுப் போனார்கள். எனக்கு அதுவும் இல்லை. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். அங்கே வாத்தியார் என் குரலைக் கேட்டது பேர் கூப்பிடும்போது மட்டும்தான். அதிலும் பாதி நாள் காதில் விழாமல், நான் வரவில்லை என்று எழுதிவிடுவார்.

அப்படிப்பட்ட என்னைக் கொழுந்து மலைக்குக் கங்காணியாகப் போட்டார்கள், என் திறமையைக் கண்டு அல்ல. கவ்வாத்து வெட்டும்போது கத்தி வழுக்கி என் வலது மணிக்கட்டில் இறங்கியது. ஆஸ்பத்திரியில் தைத்து அனுப்பினார்கள். விரல்கள் மட்டும் பழையபடி மடங்கவில்லை. தேயிலைச் செடியை வெட்ட முடியாத ஆம்பளைக்குத் தோட்டத்தில் வேறென்ன வேலை? பெண்கள் கொழுந்து பறிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் வேலை. அதற்கு விரல் மடங்க வேண்டியதில்லை.

"ஒரு மாசம் பாப்போம்," என்றார் எங்கள் மலைகளை மேய்க்கும் கணக்கப்பிள்ளை. "மாசக் கடைசியில தொர மலைக்கு வருவாரு. அவரு சரின்னா நீ கங்காணி. இல்லேன்னா வீட்ல இரு."

வீட்டில் இருப்பதென்றால் மனைவியின் சம்பளத்தில் சாப்பிடுவது. லயம் என்கிற வரிசை வீட்டில் எங்கள் காம்பராவுக்கும் மாமியார் காம்பராவுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அதுவும் கூரை வரைக்கும் எட்டாது. நான் சோறு பிசைவது அந்தப் பக்கம் கேட்கும்.

டவுன் கடையில் ஒரு பழைய கோட்டு வாங்கினேன். கம்பு ஒன்று வெட்டிக்கொண்டேன். கணக்கப்பிள்ளை என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கோட்டு சரி, கம்பு சரி. சத்தம் எங்கடா? கங்காணின்னா அடுத்த மலையில கேக்கணும். அடிவயித்துலேர்ந்து வரணும். இன்னொண்ணு, மலையில அத்தையும் கெடையாது, மதினியும் கெடையாது. 'ஏய்', அவ்வளவுதான்."

அவர் கத்திக் காட்டினார். அந்தப் பேச்சு துரையுடையது. துரை தமிழை உடைத்துப் பேசினார், அவருக்கு வந்தது அவ்வளவுதான். கணக்கப்பிள்ளை தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பம். வீட்டில் அருமையாகத் தமிழ் பேசுகிறவர், மலை ஏறினால் அவரும் உடைத்துத்தான் பேசுவார்: "ஏய் பொம்பள, பேச்சு வேணா, வேலை வேணும்." அதையே நானும் கற்றுக்கொண்டேன். ஆக, ஒரு வெள்ளைக்காரருக்கு வராத தமிழில் என் சொந்தச் சனங்களை அதட்டுவதற்கு நான் தயாரானேன்.

முதல் நாள், முன் நிரையில் நின்ற முதல் பொம்பளை என் மாமியார்.

"ஏய் பொம்பள, பேச்சு வேணா," என்றேன்.

மலை முழுக்கக் கை நின்றது. பின்னால் நின்ற என் மனைவி கம்பளியை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். என் மாமியார் மரியாதை குறையாமல் அடிக்கிறவர்.

"மாப்ள, சத்தமாத்தான் போடுறீங்க. நானுஓயாவுல ரயிலும்தான் கத்துது. அதுக்காக யாராச்சும் கொழுந்து பறிக்கிறாங்களா?"

அன்று முழுக்க நான் எங்கே வாயைத் திறந்தாலும் எவளாவது ஒருத்தி "கூ" என்றாள். பேச்சு நிற்கவில்லை. கூடைகளில் முத்தின இலையும் குச்சியும் குறையவில்லை.

சத்தம் போதவில்லை என்று கணக்கப்பிள்ளை சொல்லிவிட்டார். வேலை விட்ட பிறகு லயத்துக்குப் பின்னால் ஓடைக்குப் போய்க் கத்திப் பழகினேன். எதிர்மலை என் சத்தத்தைத் திருப்பி அனுப்பியது. அதற்கும் வேண்டாம் போலிருந்தது.

"என்னங்க," என்றாள் மனைவி ஒருநாள், "ஓடைப் பக்கம் யாரோ மாட்டத் தேடிக்கிட்டு அலையிறாங்கன்னு லயத்துல பேசிக்கிறாங்க. நான் ஒண்ணும் சொல்லல."

இப்படி விடாமல் பழகியதன் பலன் துரை வருகிற அன்று காலையில் தெரிந்தது. எழுந்து வாயைத் திறந்தேன், காற்று மட்டும் வந்தது. மனைவி கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள். அந்தத் தண்ணீர் மட்டும் தொண்டைக்குள் போனது, எதுவும் வெளியே வரவில்லை.

மலையில் நின்று பார்த்தேன். கத்த முடியாதவன் கிட்டேதான் போக வேண்டும். செடிகளுக்குள் புகுந்து மாமியார் பக்கத்தில் போய் நின்றேன். ஒரு முழத் தூரத்தில் இருக்கிற முகத்தைப் பார்த்து 'ஏய்' என்று சொல்லிப் பார்த்தால்தான் தெரியும், அது வராது.

"அத்த," என்றேன். மூச்சுதான் வந்தது. "தொண்ட போயிருச்சு. இன்னைக்குத் தொர வர்றாரு. இந்த வேலையும் போச்சுன்னா, இந்தக் கைய வச்சுக்கிட்டு நான் என்ன செய்யிறதுன்னு எனக்குத் தெரியலங்க."

கலியாணம் ஆனதிலிருந்து அவரிடம் நான் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. அவர் பறிப்பதை நிறுத்தாமலே என் மணிக்கட்டைப் பார்த்தார்.

"இத மொத நாளே சொல்லியிருக்கலாமுங்களே மாப்ள. நாங்க என்னமோ புதுசா இன்னொரு தொர வந்திருக்காருன்னுல்ல நெனச்சோம்."

பிறகு பக்கத்து நிரைக்காரியிடம் ஏதோ சொன்னார். அவள் அடுத்தவளிடம் சொன்னாள். நான் ஒவ்வொரு நிரையாகப் போய் அத்தை, மதினி, தங்கச்சி என்று முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். எனக்கு முன்பே விஷயம் போய்ச் சேர்ந்திருந்தது. "பேசாதீங்கண்ணே, தொண்டை புண்ணாயிரும்," என்றாள் ஒருத்தி. மலையில் பேச்சு அடங்கியது.

துரையின் தொப்பி வளைவில் தெரிந்ததும் எல்லா மலையிலும் கங்காணிமார் கத்தத் தொடங்குவது வழக்கம். அந்தச் சத்தம் கொழுந்துக்கு அல்ல, தொப்பிக்கு. அன்றும் மற்ற மலைகள் அதிர்ந்தன. என் மலையில் கொழுந்து ஒடிகிற சத்தம் மட்டும் கேட்டது.

துரை நின்றார். கணக்கப்பிள்ளைக்கு அந்தக் குளிரிலும் வேர்த்தது. துரை மாமியாரின் கூடைக்குள் கையை விட்டுக் கிளறினார். கையில் ஒரு குச்சிகூட வரவில்லை.

"இந்த மலை கங்காணி யாரு? சத்தம் இல்லே."

நான் முன்னால் போய் வாயைத் திறந்து, மூடினேன்.

"நல்லது," என்றார் துரை. "மத்த மலை காது வலிக்குது."

"நான்தான் தொரே அப்புடிப் பழக்குனேன்," என்றார் கணக்கப்பிள்ளை உடனே.

நான் கங்காணியானேன். மறுநாள் காலைப் பெரட்டில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும்போது, இனிக் கங்காணிமார் யாரும் சத்தம் போடக்கூடாது என்று கணக்கப்பிள்ளை சத்தம் போட்டுச் சொன்னார். மூன்று மலைக்குக் கேட்கிற குரல் உள்ள பெரிய கங்காணி ஒருவர் கிசுகிசுத்துக்கொண்டு திரிந்தார். தூர நிரையில் நின்றவர்கள் "என்னாதுங்க, என்னாதுங்க" என்று திருப்பிக் கத்தினார்கள். இந்தக் குரல் உனக்கு எப்படி வந்தது என்று அவர் என்னைத் தனியாகக் கேட்டார். ஓடையில் கத்திப் பழகினேன் என்றேன். உண்மையைத்தானே சொல்ல வேண்டும். அடுத்த வாரம் ஓடைப் பக்கம் மறுபடியும் யாரோ மாட்டைத் தேடினார்கள்.

எனக்குத் தொண்டை சரியான அன்று முன் நிரைக்குப் போனேன். கத்தினால் அடுத்த மலைக்குக் கேட்டிருக்கும். மாமியார் கூடையோடு நின்று, வாயிலிருந்து என்ன வரப்போகிறது என்று பார்த்தார்.

"அத்த, ஓரத்துச் செடிய விட்டுட்டீங்க," என்றேன்.

"தெரியும் மாப்ள. தொண்ட வந்திருச்சு, கண்ணும் வந்திருச்சான்னு பாக்கத்தான் விட்டேன்."